தீர்த்தம் பட்ட நரம்பு

சாமியறைக் கதவைத் திறந்த தர்மிகா கத்தியேவிட்டாள். சரஸ்வதி படத்தடியில், புத்தகங்களுக்கு மேலே, அவளுடைய வயலின் சந்தனப் பொட்டும் செவ்வந்திப் பூவுமாய்க் கிடந்தது. நரம்புகளிலெல்லாம் மஞ்சள் தண்ணீர்.

“அம்மா! இதுக்குத் தண்ணி தெளிச்சனீங்களோ?”

“ஓம். இண்டைக்குச் சரஸ்வதி பூசையெல்லே? உன்ர ஓடிஷன் நல்லாய் நடக்கவேணுமெண்டு விரதமிருந்து, முதல் தீர்த்தமே அதுக்குத்தான் தெளிச்சனான்,” என்றார் செல்வமலர். முகத்தில் அப்படியொரு பெருமை!

கேட்டீர்களா கூத்தை? தர்மிகா வாசிப்பது முந்நூறு வருடம் பழைய ஐரோப்பிய இசை. அதை அந்தக் காலத்து முறையில்தான் வாசிக்க வேண்டும். உலோகக் கம்பி ஆகாது, ஆட்டுக்குடலில் திரித்த நரம்புதான் வேண்டும். ஈரம் பட்டால் அது ஊறும், சுருதி நிற்காது. புது நரம்பு போட்டாலும் உடனே படியாது. ஆனால் மச்சமாமிசம் சமைக்காத வீட்டில் ஆட்டுக்குடல் என்று எந்த வாயால் சொல்வது? இத்தனை வருடமாக மறைத்தாயிற்று. சொல்லியிருந்தால் அம்மா அதைச் சாமியறைப் பக்கமே அண்டவிட்டிருக்க மாட்டார்.

குட்மேய்ஸ் நிலையத்தில் ரயில் ஏறியவள் உட்காரவேயில்லை. வயலின் பெட்டியைத் திறந்து நரம்புகளைத் துடைத்தாள், முறுக்கினாள், மூடினாள், மறுபடி திறந்தாள். இசைக்குழுவில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் மட்டும் பதிலுக்கு வாசிக்கக் கூப்பிடும் பிழைப்பு அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. இன்றைய ஓடிஷன் அந்தக் குழுவில் ஒரு நிரந்தர இடத்துக்கு. அது மட்டும் கிடைத்துவிட்டால்!

ஓடிஷன் நடந்த தேவாலய மண்டபத்தில் முதல் பகுதி எப்படியோ தப்பியது. மெதுவான பகுதியில் இரண்டாம் நரம்பின் சுருதி இறங்கத் தொடங்கியது. விரலை நகர்த்திச் சமாளித்தாள். அது இன்னும் இறங்கியது. விரலே வைக்காமல் வில்லை இழுக்க வேண்டிய இடம் வந்ததும் சமாளிக்க வழியில்லை, மானம் போயிற்று. குழுத் தலைவி கண்ணை மூடிக்கொண்டார்.

முடிந்ததும் அவரே வாசல்வரை வந்து, வருத்தம் என்றும், நிரந்தர இடம் வேறொருவருக்குத்தான் என்றும், யாராவது வர முடியாமற்போனால் வழக்கம்போலக் கூப்பிடுவதாகவும் சொன்னார்.

தர்மிகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்றைக்கு அம்மாவை விடுவதில்லை, ஆட்டுக்குடல் உட்பட எல்லாவற்றையும் கொட்டிவிடுவதென்று தெருவில் நின்றே போனை எடுத்தாள். முதல் மணியிலேயே அம்மா எடுத்துவிட்டார்.

“கிடைச்சுதோ பிள்ளை?”

“இல்லை.”



“நான் தெளிச்ச தண்ணியாலயோ?”

அந்தக் குரல் அழுதுகொண்டிருந்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டார். தர்மிகாவின் ஆத்திரமெல்லாம் அடங்கிப்போயிற்று.

“சும்மா இருங்கோ அம்மா. நான்தான் பிழையாய் வாசிச்சுப்போட்டன். நீங்கள் போய்ச் சாப்பிடுங்கோ.”