கிழக்கு பார்த்த கேமரா

தண்ணீர் மோட்டார் திருடுபோன மூன்றாம் நாள் வினிதா சென்னையிலிருந்து வந்து இறங்கினாள். 2008 ஆகஸ்ட். கையில் பத்து நாள் விடுப்பு இருந்தது. அதற்குள் இரண்டில் ஒன்று முடிவாக வேண்டும். திருவேட்டக்குடி வீட்டுக்கு ஒரு காவல் வேண்டும், இல்லையென்றால் அம்மா அவளோடு சென்னைக்குக் கிளம்ப வேண்டும்.

"அங்க வந்து நான் என்ன பண்றது? உன் ரூம்ல இருக்குற புள்ளைங்களுக்கு மொளவா அரைக்கிறதா?" என்றாள் அஞ்சுகம். முட்டி தேய்ந்துபோய் மீன் கூடையை இறக்கி வைத்து இரண்டு வருஷமாகியும் அவள் வாய் மட்டும் தேயவில்லை.

"அப்ப கேமரா வச்சுத்தான் ஆகணும்."

"என்னைய எவன் தூக்கிட்டுப் போவப் போறான்?"

"மோட்டாரத் தூக்கிட்டுப் போனான்ல?"

மறுநாளே காரைக்காலுக்குப் பஸ் ஏறினாள். முதல் கடைக்காரர் அவளுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். "வீட்டு ஆம்பளைங்கள வரச் சொல்லும்மா. வெவரமாப் பேசிக்கலாம்" என்றார்.

"நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சிருக்கேன். நீங்க என்ன படிச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் படியிறங்கினாள். அந்த ஊரில் அவள் தெருவிலிருந்து பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். அதை யாராவது மறந்தால் ஞாபகப்படுத்தத் தயங்க மாட்டாள்.

இரண்டாவது கடையில் ஒரு பொம்மை கேமராவை எடுத்து வைத்தார்கள். "உள்ள ஒண்ணும் இருக்காதும்மா. செவப்பு லைட்டு மட்டும் எரியும். திருடனுக்குத் தெரியவா போவுது?"

"எனக்குத் தெரியுதே."

மூன்றாவது மன்சூர் அலியின் கடை. அவர் எதையும் எடுத்துக் காட்டவில்லை. முதலில் கேள்வி கேட்டார்.

"கடல்லேருந்து வீடு எவ்வளவு தூரம்?"

"கூப்பிடு தூரம்."

"அப்ப இரும்புக் கூடு வாணாம். உப்புக்காத்து ஆறே மாசத்துல தின்னுரும். பிளாஸ்டிக் கூடு, துருப்பிடிக்காத ஸ்க்ரூ. எத்தன கேமரா நெனச்சிருக்கீங்க?"

"நாலு."

"ரெண்டு போதும். வாசலுக்கு ஒண்ணு, கொல்லைல மோட்டாருக்கு ஒண்ணு. மிச்சத்துக்கு பேட்டரி போடுங்க. கரண்டு போனா எல்லாக் கேமராவும் குருடுதான்."

"கெட்டுப்போனா யாரு வருவாங்க?"

"கம்பெனிக்காரன் வர மாட்டான், இப்பவே சொல்லிட்டேன். நான் வருவேன். என் ஸ்கூட்டரு ஓடுற வரைக்கும்."

பொருளை விற்கிறவன் வாயில் 'வர மாட்டான்' என்ற சொல்லை வினிதா அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள். அங்கேயே வாங்கிவிட்டாள்.

மன்சூர் அலி மறுநாள் ஏணியோடு வந்தார். பதிவுப் பெட்டியை பீரோவுக்கு மேலே வைத்து டிவியோடு இணைத்தார். மழைத்தண்ணீர் ஒயர் வழியாகவே உள்ளே வந்துவிடும் என்று, ஒயரைச் சுவருக்கு வெளியே கொஞ்சம் தொங்கவிட்டு மேலேற்றினார். எல்லாம் சுமுகமாகப் போய், வாசல் கேமராவில் வந்து முட்டியது.

"வாசல் கெழக்க பாத்து இருக்கும்மா. கேமராவும் கெழக்க பாத்தா காலைல கண்ணு கூசிரும். ஆளு நெழலாத்தான் விழும். கேட் தூண்ல வச்சு வீட்டப் பாக்க விடுவோம்."

"தூண்ல வச்சா கேமராவையே கழட்டிட்டுப் போயிருவான். அதோட திருடன் என்ன, பொழுது விடிஞ்சா வரப் போறான்?"

மன்சூர் அலி அஞ்சுகத்தைப் பார்த்தார். "படிச்ச புள்ள சொல்லுது" என்று சொல்லிவிட்டு, வாசல் கதவுக்கு மேலே துளை போட்டார். கேமரா நேராக கேட்டையும், அதற்கு அப்பால் கடலையும் பார்த்தது.

அஞ்சுகம் அன்று முழுக்கக் கேமராவையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் ஒரே ஒரு தடவை கேட்டாள். "அது எந்நேரமும் பாத்துக்கிட்டேதான் இருக்குமா? காலைலகூடவா?"

"அதுக்குத்தான வச்சிருக்கு."

மறுநாள் காலை ஆறு மணி பத்து நிமிஷம். வினிதா பாயில் உட்கார்ந்தபடியே டிவியைப் போட்டாள். திரை முழுக்க வெள்ளை வெளிச்சம். அதன் நடுவில் கேட்டைத் திறந்துகொண்டு கறுப்பாக ஓர் உருவம் வந்தது. முகம் இல்லை, சட்டை இல்லை, வெறும் வடிவம். இடது தோள் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது.

அவள் பாயிலிருந்து எழுந்துவிட்டாள். அப்பா.

அப்பா நெஞ்சுவலியில் போய் நான்கு வருஷம் ஆகியிருந்தது. ஒரு நொடி ஏமாந்துபோன கோபம் அப்படியே அந்த உருவத்தின் மேல் திரும்பியது. அது குனிந்து நிமிர்ந்து கிளம்பும்போது கதவைத் திறந்துகொண்டு வெளியே பாய்ந்தாள்.

"எவன்டா அது?"

உருவம் அதற்குள் தெருமுனையை எட்டியிருந்தது. ஒரு கணம் நின்றது. திரும்பிப் பார்க்காமல் போய்விட்டது.

வாசலோரத் துணி துவைக்கும் கல்லில் அம்மாவின் அலுமினியச் சட்டி இருந்தது. மேலே தட்டு, தட்டின் மேல் பூனை தள்ளாதபடி ஒரு கல். உள்ளே நாலு சங்கரா மீன், கண் இன்னும் பளபளத்தது.

பதிவைத் திரும்ப ஓட்டி அம்மாவைக் கூப்பிட்டாள். "யாரு இது? மூஞ்சியே தெரியல."

"மூஞ்சி எதுக்கு? கரைல நின்னு படகு வர்றதப் பாக்குறப்ப எதுத்தாப்ல சூரியன்தான் இருக்கும். நிக்கிற வாட்டத்த வச்சே இன்னார்னு சொல்லிருவோம்." அஞ்சுகம் திரையில் கை வைத்தாள். "ஒங்கப்பாவுக்கும் இந்தத் தோளுதான். ஒரே வலைய ரெண்டு பேரும் ஒரே பக்கம் நின்னு இழுத்த தோளு."

உத்திராபதி. அப்பாவின் தம்பி. அப்பா இறந்து பதினாறாம் நாள், நாலு பேரை வைத்துக்கொண்டு, "காலேஜ் போதும், மாப்பிள பாப்போம்" என்றவர். அப்போது வினிதாவுக்கு இரண்டாம் வருஷம். "இனிமே எங்க வாசப்படிய மிதிக்காதீங்க" என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னாள். அன்றிலிருந்து பேச்சு இல்லை.

"எத்தன நாளா வர்றாரு?"

"நீ காலேஜுக்குத் திரும்பிப் போன மறுநாள்லேருந்து. நான் சட்டிய வைப்பேன், அவரு பங்கு மீனப் போட்டுட்டுப் போயிருவாரு. ஒரு வார்த்த பேசுனதில்ல. நீ வைவன்னுதான் உன்கிட்ட சொல்லல."

வினிதா பதிவை மறுபடி ஓட்டினாள். உருவம் கல்லருகே குனிகிறது, சட்டியைத் தட்டால் மூடுகிறது, கல்லைத் தேடி எடுத்து வைக்கிறது. வாசற்படிக்கு ஒரு முழம் இருக்கும்போதே காலைப் பின்னால் இழுத்துக்கொள்கிறது.

அடுத்த நாள் சட்டி காலியாக இருந்தது. அதற்கடுத்த நாளும். அஞ்சுகம் விடியும்போது சட்டியைக் கழுவி வைப்பாள், எட்டு மணிக்கு எடுத்து உள்ளே கவிழ்ப்பாள். மூன்றாம் நாள் கருவாட்டுக் குழம்பு முன்னால் உட்கார்ந்து பாதிச் சோற்றில் கையைக் கழுவினாள். "பசிக்கல" என்றாள். பிறகு, "சென்னைக்கே வந்துர்றேன், போ" என்றாள்.

வினிதா கேட்க வந்த வார்த்தை அதுதான். காதில் விழுந்ததும் அவளுக்கு அழுகை வந்தது.

செருப்பை மாட்டிக்கொண்டு நேராகக் கரைக்குப் போனாள். வலை பின்னும் கொட்டகையில் உத்திராபதி, கூட்டாளி முத்தையனோடு உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"மூணு நாளா ஏன் வரல?"

"யாரு?" அவர் தலை நிமிரவில்லை.

"நீங்கதான்."

"எவன்டான்னு கேட்டல்ல? அவன் வரல."

முத்தையன் சிரிப்பை அடக்க நூலைப் பல்லில் கடித்தார்.

"வெயிலுக்கு எதுத்தாப்ல கேமராவ வச்சுட்டேன். ஆளு தெரியல. தப்பு என்னோடது."

"படிச்சவ தப்புப் பண்ணுவாளா?"

"பண்ணுவா. நீங்களும்தான் பண்ணுனீங்க. நான் படிக்கக் கூடாதுன்னு சொன்னது தப்பு. அத இன்னிக்கும் தப்புன்னுதான் சொல்லுவேன்."

ஊசி நின்றது.

"மிதிக்காதன்னு சொன்ன" என்றார் மெதுவாக. "மிதிக்கல நான்."

"பாத்தேன். படிக்கு ஒரு மொழம் முன்னாடியே கால இழுத்துக்கிட்டீங்க."

"அந்தச் சனியன் புடிச்ச பொட்டில அதெல்லாமா தெரியுது?"

"மூஞ்சியத் தவிர எல்லாம் தெரியுது. இன்னிக்குக் கேமராவ மாத்தி வைக்கிறோம். நாளைக்குப் படியேறி வாங்க. அம்மா மூணு நாளா சரியா சாப்புடல."

"பாப்போம்" என்று சொல்லி வலையை இழுத்துக்கொண்டார்.

மன்சூர் அலி கூப்பிட்ட குரலுக்கு வந்தார். 'அன்னிக்கே சொன்னேன்' என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. கேமராவை கேட் தூணில் பொருத்தித் துருப்பிடிக்காத கம்பிக்கூடு போட்டார். "இனிமே தூக்கணும்னா தூணோடதான் தூக்கணும். உள்ள வர்றப்ப முதுகு தெரியும், திரும்புறப்ப மூஞ்சி தெரியும். வந்தவன் திரும்பித்தான ஆவணும்?"

மறுநாள் ஆறு பத்துக்கு யாரும் வரவில்லை. ஆறரைக்கும் வரவில்லை. அஞ்சுகம் அடுப்பைப் பார்ப்பதுபோல டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழு மணிக்குக் கேட் திறந்தது. திரையில் ஒரு முதுகு தெரிந்தது. வெள்ளைச் சட்டை, மடிப்புக்கூடக் கலையவில்லை. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. கையில் மீன் பை. குளித்துவிட்டு வந்திருக்கிறார், அதனால்தான் தாமதம்.

வாசற்படி முன்னால் நின்றார். பிறகு முழுசாகத் திரும்பித் தூணின் மேலே கேமராவை அண்ணாந்து பார்த்தார். ஸ்டூடியோவில் நிற்கிறவர் போல, அசையாமல். காலை வெயில் முகத்தில் நேராக விழுந்தது. முன்பல் இரண்டு இல்லை, புருவம் நரைத்திருந்தது. அப்பாவின் முகம் இல்லை அது. நான்கு வருஷத்தில் தனியாகக் கிழடாகிவிட்ட, அவருடைய சொந்த முகம்.

"சித்தப்பா, மூஞ்சி நல்லாத் தெரியுது" என்று உள்ளிருந்து குரல் கொடுத்தாள் வினிதா. "உள்ள வாங்க."

அஞ்சுகம் அதற்குள் கதவுக்குப் போயிருந்தாள். "எவ்வளவு நேரந்தான் படத்துக்கு நிப்பீங்க? மீனு வெயில்ல காயுது."

வினிதாவும் எழுந்து போனாள். டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதில் வாசல் காலியாக இருந்தது. படிக்குக் கீழே ஒரு சோடி ரப்பர் செருப்பு மட்டும் கிடந்தது.