எட்டாம் காட்சி

“‘அம்மா, யேசுவே’ எண்டு சொல்லிப்போட்டுத்தான் கண்ணை மூடினவன்,” என்று பெரியப்பா கைபேசியில் கனடாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். லவீனா அண்ணனின் சவப்பெட்டிக்குத் தலைமாட்டில், காற்றுக்கு அணைந்த மெழுகுதிரியை மறுபடி கொளுத்தினாள். நேற்றுப் பின்னேரம் அவருடைய கதையில் வெறும் ‘அம்மா’தான் இருந்தது. செபமாலை சொல்லி முடிவதற்குள் யேசுவும் வந்து சேர்ந்துவிட்டார். அடக்கத்துக்கு இன்னும் இரண்டு மணித்தியாலம் கிடந்தது. அதற்குள் ஒரு முழுச் செபமே வந்தாலும் வரும்.

அண்ணன் டினேஸ் கேட்டிருந்தால் பேனையை எடுத்து வெட்டியிருப்பான். பகலில் குருநகர்க் கரையில் வள்ளத்து எஞ்சின் திருத்துவான். பின்னேரம் கையைக் கழுவிவிட்டுத் திரைக்கதை எழுதுவான். “ஒரு ஆணியைக் கழட்டினாப் பிறகும் எஞ்சின் ஓடுதெண்டால், அந்த ஆணி என்னத்துக்குப் பிள்ளை?” என்பான். எழுதிய வசனம் முழுவதையும் வாய்விட்டு வாசித்துப் பார்த்தால்தான் அவனுக்கு மனம் ஆறும். ஆம்பிளைகள் எல்லாரும் அவன், பெண்கள் எல்லாரும் லவீனா. நாற்பத்தொரு வயது மனிதனுக்கு இதென்ன விளையாட்டென்று பெரியப்பா பல தரம் பேசியிருக்கிறார்.

எட்டாம் காட்சிதான் மாதக்கணக்காய் இழுபட்டது. மகள் வெளிநாட்டுக்குப் புறப்படுகிறாள். அவளை மறிக்கத் தகப்பன் நெஞ்சு நோவென்று படுக்கிறான். “நெஞ்சுக்குள்ளை இறுக்குது பிள்ளை.” அதற்கு மகள், “நடிக்காதேங்கோ அப்பா. எழும்பிப் போய் முகத்தைக் கழுவுங்கோ.” அவ்வளவுதான். ஆனால் லவீனா எப்படிச் சொன்னாலும் டினேசுக்குப் பிடிக்காது.

“உன்ரை குரலிலை இரக்கம் கிடக்கு. அவள் இரங்கினால் பிறகு என்னெண்டு வீட்டை விட்டுப் போவாள்? திரும்பச் சொல்லு.”

நேற்றுக் காலை அவள் வேலைக்குப் போகச் அயன்பெட்டியால் சட்டை மினுக்கிக்கொண்டு நின்றாள். அறைக்குள்ளிருந்து, “நெஞ்சுக்குள்ளை இறுக்குது பிள்ளை,” என்று கேட்டது. விடிய வெள்ளெனவே தொடங்கிவிட்டான் என்று அவளுக்கு எரிச்சல். திரும்பிப் பாராமலே சொன்னாள், “நடிக்காதேங்கோ அப்பா. எழும்பிப் போய் முகத்தைக் கழுவுங்கோ.”

கொஞ்சம் பொறுத்து டினேசின் குரல் வந்தது. “உதுதான். உந்தக் குரல்தான்.”

சட்டையை மினுக்கி முடித்து, தலை பின்னி, போயிட்டு வாறன் என்று சொல்ல எட்டிப் பார்த்தபோது இருபது நிமிடம் போயிருந்தது. டினேசுக்கு மூச்சுப்பேச்சில்லை. ஆசுபத்திரியில், “கொஞ்சம் முந்திக் கொண்டு வந்திருந்தால்...” என்று தொடங்கிய வைத்தியர் அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். லவீனா இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. அம்மா இனித் தன்னை எந்தக் கண்ணால் பார்ப்பாள் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

படத்தை இயக்க இருந்த மயூரதன் கொக்குவிலிலிருந்து வந்தான். பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டான். போகிறபோது தயங்கி நின்றான்.

“குறை நினைக்காதேங்கோ அக்கா. எட்டாம் காட்சி சரிவந்ததோ?”

“ஓம். சரிவந்திட்டுது,” என்றாள் லவீனா. அப்படிச் சொன்ன வாயை அறைய வேண்டும்போல இருந்தது.

பங்குச் சுவாமியாரைக் கூட்டிவர ஆட்கள் எழும்பி வெளியே ஒழுங்கைக்குப் போனார்கள். பெட்டியடியில் அம்மாவும் அவளும்தான். அம்மா வாங்குப் பலகையில் இருந்தபடியே கேட்டாள்.

“பெரியப்பா சொல்லுறது மெய்யே? அம்மா எண்டே கூப்பிட்டவன்?”

லவீனாவின் மனம் வசனம் தேடியது. நீளமாக ஒன்று வந்தது. அதில் கண்ணீர், கை பிடித்தது, எல்லாம் இருந்தன. அத்தனையையும் வெட்டினாள்.

“ஓம் அம்மா.”

அம்மா மகனின் பக்கம் குனிந்தாள். கன்னத்தருகே பூவில் ஊர்ந்த எறும்பொன்றை விரலால் தட்டிவிட்டாள்.

“நான் பின்னுக்குத் தேங்காய் திருவிக்கொண்டு இருந்தனான் பிள்ளை. அவன் சொன்னதும் கேட்டது, நீ சொன்னதும் கேட்டது. ரெண்டு பேரும் வாசிக்கிறியள் எண்டு நினைச்சு, நான் திருவி முடிச்சனான்.”

ஒழுங்கையில் வாகனம் வந்து நின்றது. அம்மா வாங்கில் சற்று அரக்கி ஒதுங்கி இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இருக்க இடம் வந்தது.