ஸ்கங்க் வந்த வீடு

சாம்பிராணிப் புகை மகனின் கட்டிலுக்கடியில் நுழைந்து மறுபக்கம் எழும்புகிறது, வெள்ளிக்கிழமை, தட்டை ஏந்தி அறை அறையாகப் போகிறேன், கனடா வந்தும் விடாத பழக்கம், கூரையில் இருக்கும் புகைமணி கத்தாமலிருக்க இவர் துவாயால் விசுக்கிக்கொண்டு பின்னால் வருகிறார், யதுசன் படுத்தபடி சிரிக்கிறான், பதினாறு வயது, அம்மா இன்னும் கொஞ்சம் போடுங்கோ, ஸ்கங்க் மணம் போகேல்ல என்கிறான், நானும் இன்னொரு பிடி போடுகிறேன். ஸ்கங்க் என்றால் என்னவென்று அவன்தான் சொல்லித்தந்தான், பூனையளவு, கறுப்புடம்பில் வெள்ளைக்கோடு, பயந்தால் நாற்றத்தைப் பீச்சிவிட்டு ஓடிவிடும், எங்கட பின்வளவில பலகைக்குக் கீழ குடும்பமா இருக்குது அம்மா, உங்களைப் போல அதுக்கும் குளிர் ஒத்துவராது என்று பகிடி விட்டான், ஊரில் மரநாயைக் கண்ட எனக்கு இதுவா புதுசு, நம்பினேன். அந்த வருடம்தான் சட்டம் மாறியது, மீன்கடைக்குப் பக்கத்தில் கஞ்சாக்கடை திறந்தார்கள், கண்ணாடிக் கதவும் பூச்சாடியுமாக, பல் வைத்தியரிடம் போவதுபோல ஆட்கள் போய்வந்தார்கள், பத்தொன்பது வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கமாட்டார்களாம், பிறகு எங்களுக்கென்ன என்று விளமீனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன், தெருவெல்லாம் அதே நாற்றம், ஸ்கங்க் பெருத்துப் போச்சப்பா என்றேன், இவரும் ஓமப்பா என்றார், எங்களைப் போல இரண்டு ஞானிகள் எந்த ஊரில் கிடைப்பார்கள்.

பிறகு அவன் சோற்றுக்கோப்பையைத் தள்ளிவைக்கிறான், அம்மா இதுக்குள்ள கமரா வச்சிருக்கிறியள் என்கிறான், பகிடி என்று நான் சிரிக்கிறேன், அவன் சிரிக்கவில்லை, சுவரோடு கதைக்கிறான், என்னைப் பார்த்து நீங்கள் ஆர் என்கிறான், ஆஸ்பத்திரியில் வைத்தியர் கேட்கிறார், இவ்வளவு காலமாகக் கஞ்சா புகைத்திருக்கிறான், வீட்டில் மணக்கவில்லையா, ஸ்கங்க் எண்டு நினைச்சம் டொக்டர் என்றேன், அவர் பேனாவை மூடிவைத்தார், எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படி வராது, சில பிள்ளைகளின் மூளை தாங்காது, எந்தப் பிள்ளை என்று முன்கூட்டித் தெரியாது என்றார், அந்தச் சில பிள்ளைகளில் ஒன்று என் பிள்ளை. ஒருநாள் மட்டும் தெளிவாக இருந்தான், ஏன்டா அப்பு என்று கேட்டேன், சட்டமே விட்டதுதானே அம்மா, கூடாததெண்டா விக்க விடுவினமே என்றான், பால்குடிக்கிற வயதில் பார்த்ததுபோல என்னைப் பார்த்தான், என் தலைமயிரை மோந்து, எங்கட வீட்டு மணம் என்றான், அதற்குப் பிறகு மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டான், இன்னும் திரும்பவில்லை.

இன்றும் வெள்ளிக்கிழமை, அவன் இன்னும் ஆஸ்பத்திரியில்தான், தட்டோடு சமையலறையில் நிற்கிறேன், குப்பென்று அந்த நாற்றம் வருகிறது, யதுசன் வந்திட்டான், தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடுகிறேன், படியில் கால் இடறுகிறது, கதவைத் தள்ளுகிறேன், விரித்த கட்டில் விரித்தபடி கிடக்கிறது, யன்னலுக்கு வெளியே பலகைக்கடியிலிருந்து கறுப்பாக ஒன்று, முதுகில் வெள்ளைக்கோடு, பின்னால் குட்டிகள், தாய் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேலிப்பக்கம் போகிறது, உண்மையான ஸ்கங்கை இன்றுதான் பார்க்கிறேன். யன்னலை முழுவதும் திறந்துவிட்டு அவன் கட்டிலில் இருக்கிறேன், இவர் ஒரு கையில் சாம்பிராணித் தட்டும் மறுகையில் துவாயுமாக வாசலில் நிற்கிறார், புகை போடட்டே என்கிறார், வேண்டாமப்பா என்கிறேன், மணம் கொஞ்ச நேரம் இருக்கட்டும்.