கடைசி வரிசை வரைக்கும்

கட்டிலை நேராகக் கொண்டுவந்தால் கதவில் இடித்தது. ஒருக்களித்தால் இன்னாசி விழுந்துவிடுவார். ஒருவழியாக இரண்டுக்கும் நடுவில் சாய்த்து, பள்ளிக்கூட அறைக்குள் அவரைக் கட்டிலோடு இறக்கினார்கள்.

வீட்டில் கரண்ட் இல்லை. சாகக் கிடப்பவர்தான் கரண்ட்டைத் தேடி வரவேண்டியிருந்தது. வழியில் இரண்டு பேர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சிலுவை போட்டார்கள். "ரெண்டு நாளு பொறுங்கடா" என்று கட்டிலிலிருந்து சத்தம் வந்தது.

ஏசுவின் பாடுகளை நடிக்கும் ஆவூர் பாஸ்கு நாடகத்தில் இருபத்திரண்டு வருடமாகத் திரைக்குப் பின்னால் நின்று கதை சொன்னவர் அவர். இந்த வருடம் குரலையாவது பிடித்துவைத்துவிடலாமென்று மச்சினர் சூசைமாணிக்கம் திருச்சியிலிருந்து டேப் ரிக்கார்டரை இரவல் வாங்கி வந்திருந்தார். சாயங்கால பஸ்ஸுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும்.

"மேரி, இந்தப் பச்சை வெளக்கப் பாரு. சத்தம் ஏறுனா அதுல ரெண்டு வெளிச்சக் கீத்தும் கிட்ட வரும். தொட்டும் தொடாம நிக்கணும். ஒண்ணுமேல ஒண்ணு ஏறுனா கரகரங்கும். வெலகுனா கடைசி வரிசைக்குக் கேக்காது. குமிழத் திருகாத, எரைச்சல் வரும். மைக்கத்தான் நகத்தணும்," என்றார் மாமா சூசைமாணிக்கம்.

இன்னாசியின் மகள் அடைக்கலமேரி மைக்கோடு கட்டிலருகே குந்தினாள்.

"முடியலைன்னா விட்டுருங்க மச்சான். செபமாலை ரெடியா இருக்கான்."

வராந்தாவில் செபமாலை மிளகு மென்றுகொண்டிருந்தான். சத்தம் ஏறி இறங்கினால் முழுக்கதையையும் அவன் சொல்வதாக ஏற்பாடு. இருபத்திரண்டு வருடமும் அவனுக்குக் கிடைத்தது சேவல் கூவுகிற வேலை மட்டும்.

"அது தொண்டையா? தகரம். ஓட்டுய்யா மெஷின," என்றார் இன்னாசி.

கதையில் பிலாத்து கைகழுவும் வரை கீற்றுகள் அசையவில்லை. சிலுவை தூக்கி நடந்தபோது விலகத் தொடங்கின. மேரி மைக்கை இரண்டு விரற்கடை முன்னே தள்ளினாள். சேர்ந்தன. ஆணி அறையும்போது மறுபடி விலகின. இன்னும் இரண்டு. அப்பாவின் முகத்தை அவள் பார்க்கவில்லை. பார்த்தால் விளக்குத் தவறிவிடும்.

சுவரோரம் அம்மா சூசைமேரி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, போதும் என்று கையசைத்தாள். மாமா ஜன்னல் வழியே செபமாலையைப் பார்த்தார். அவன் மிளகைத் துப்பிவிட்டு எழுந்து நின்றான்.

மேரி தலையை மட்டும் ஆட்டினாள்: இல்லை.

வாக்கியத்துக்கும் வாக்கியத்துக்கும் நடுவே பச்சைக் கீற்றுகள் அகல விலகின. அவள் மனதுக்குள் எண்ணினாள். ஏழு. அடுத்ததற்குப் பதினொன்று. இன்னாசியின் கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தது. மைக் இப்போது அவர் உதட்டில் இருந்தது.

"கல்லறை வாசலில்... பெரிய கல்லை உருட்டி... அடைத்துவிட்டுப் போனார்கள்."

ஒவ்வொரு சொல்லுக்கும் கீற்றுகள் தொட்டும் தொடாமலும் நின்றன.

"பிரமாதம் மச்சான்!" என்றார் மாமா. "ஆரம்பத்துல இருந்து ஒரே சத்தம். செபமாலைக்கு இந்த வருசமும் சேவல்தான்."

மேரியின் மணிக்கட்டைப் பிடித்திருந்த கை நழுவிக் கட்டிலுக்கு வெளியே தொங்கியது. சுருள் சுற்றிக்கொண்டே இருந்தது.

அம்மா முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். அவள் அலறியதில் கீற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின.

மேரியின் கை மைக்கை ஒரு சாண் பின்னுக்கு இழுத்தது. இன்னும் ஒரு சாண். கீற்றுகள் பிரிந்து, தொட்டும் தொடாமலும் நின்றன.