கூரை பார்க்கப் போனவள்

இன்னொருவன் ஓட்டும் பஸ்ஸில் பயணியாக உட்கார்ந்து போவது தானும் பஸ் ஓட்டுகிற கஸ்பருக்கு எப்போதுமே ஒத்துவராத காரியம். பிரேக்கை முந்திப் போட்டாலும் கோபம் வரும், பிந்திப் போட்டாலும் கோபம் வரும். அன்று அந்தக் கோபத்துக்குக்கூட உடம்பில் தெம்பில்லை. கிழமை முழுக்க விடியற்காலை ஷிப்ட். தோர்ண்டன் ஹீத்தில் ரயிலேறி, நடுவில் ஒருதரம் மாறி, லண்டனின் வடக்கு மூலைக்கு வந்து இறங்கி, இப்போது இந்தப் பஸ். பக்கத்தில் அருமைநாயகி ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டியை மடியில் அணைத்துக்கொண்டு இருந்தாள். உள்ளே ஆட்டிறைச்சி ரோல்ஸ். மகள் துறவு பூண்டு கன்னியராகிற நாளில் வெறுங்கையோடு போவதா என்று முதல்நாள் பின்னேரம் முழுக்க அடுப்படியில் நின்று பொரித்தவள்.

"அங்க போனவுடன நான் அவளோட தனியக் கதைக்கிறன். நீ அழுது காரியத்தைக் கெடுத்துப் போடாதை," என்றார் கஸ்பர்.

"இரண்டு வருசமாக் கதைச்சனீங்கள் தானே. கேட்டவளே?"

"இண்டைக்குக் கேப்பாள்."

சொல்லிவிட்டாரே தவிர அவருக்கே அதில் நம்பிக்கை குறைவு. ஆனாலும் இன்று விட்டால் பிறகு இல்லை. மகளைக் கையோடு வீட்டுக்குக் கூட்டிவந்துவிட வேண்டும். அவர் வந்தது அதற்காகத்தான், ஆசீர்வாதம் பண்ண அல்ல.

றொசானா அவர்களுக்கு ஒரே பிள்ளை. பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் கொம்பனி ஒன்றில் வேலை. கூரையில் ஒழுக்கு என்று ஒரு மடத்தை அளந்துவர அனுப்பினார்கள். நூறு வருடத்துக்கு முன் ரஷ்யாவில் புரட்சி வந்தபோது, உடுத்த உடுப்போடு தப்பி வந்த சில ஓர்த்தடொக்ஸ் சபைக் கன்னியர்கள் தொடங்கிய மடம். அகதிகள் கட்டின இடம் என்று அவள் வந்து சொன்னபோது கஸ்பருக்கும் பிடித்துத்தான் இருந்தது. மன்னாரிலிருந்து கடல் தாண்டி வந்தவருக்கு அந்தக் கதையில் விளங்காததென்று ஒன்றும் இல்லை. ஒவ்வொருவராய்ச் செத்து, கடைசியில் ஒரேயொரு கிழவிக் கன்னியர் மட்டும், மழைக்கு வாளி வைத்துக்கொண்டு மிஞ்சியிருந்தாராம். இடத்தை விற்றால் அடுக்குமாடி கட்ட ஆட்கள் வரிசையில் நின்றார்களாம். அந்த நேரத்தில் ருமேனியாவிலிருந்து மூன்று பேர், ஜோர்ஜியாவிலிருந்து ஒருத்தி, அயர்லாந்துக்காரி ஒருத்தி என்று வந்து சேர, மணி திரும்ப அடிக்கத் தொடங்கியது. மடம் உயிர்த்துவிட்டது என்று மகள் முகமெல்லாம் மலர்ந்து சொன்னாள். கூரையும் சரியாகிவிட்டது. கூரை பார்க்கப் போனவள்தான் கூரைக்குக் கீழேயே தங்கிவிட்டாள்.

தங்கள் கத்தோலிக்க மடம் ஒன்றில் சேர்ந்திருந்தால் பங்குச் சனமே திரண்டு கொண்டாடியிருக்கும். சுவாமியார் மாலை போட்டிருப்பார், கஸ்பர் முன்வரிசையில் நெஞ்சை நிமிர்த்தி இருந்திருப்பார். இதை யாரிடம் சொல்வது? தமிழ்ப் பூசை முடிந்து வாசலில் நின்று "பிள்ளை எங்க, காணேல்லை" என்று கேட்பவர்களுக்கெல்லாம், லீட்ஸில் வேலை என்று சொல்லி வைத்திருந்தார். பொய் சொல்லியே மனிதனுக்குக் களைத்துவிட்டது. ஆனால் உள்ளதைச் சொன்னால், வேதம் மாறியது அவருக்குப் பெரிய நோவில்லை. வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கும்போது மேல்மாடியில் அவளுடைய காலடிச் சத்தம் கேட்பதில்லை. நோவு அதுதான்.

மடத்துக் கதவைத் திறந்தது தலைவி. ருமேனியாக்காரி, அருமைநாயகியின் வயதுதான் இருக்கும். பெட்டியை இரண்டு கையாலும் வாங்கி, மணந்து பார்த்து, முகம் வாடாமல் சொன்னார்: மன்னிக்க வேண்டும், இது எங்களுக்கு நோன்புக் காலம், இறைச்சி, முட்டை, பால் ஒன்றும் தொடமாட்டோம்.

"எங்களுக்கும் தவக்காலந்தானே. ஆனா இண்டைக்குச் சனிக்கிழமை எல்லே," என்று அருமைநாயகி கணவனிடம் முணுமுணுத்தாள். வெள்ளியில் விலக்குவது சரி, சனிக்கிழமையில் இறைச்சிக்கு என்ன குற்றம் என்று அவளுக்குப் பிடிபடவேயில்லை. பெட்டியைத் தாழ்வாரத்துக் கதிரையில் வைத்துவிட்டு, அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வந்தாள்.

மகளோடு ஒரு நிமிடம் கதைக்க வேண்டும் என்று கஸ்பர் கேட்டார். நேற்றிலிருந்து மௌனத்தில் இருக்கிறாள், எல்லாம் முடிந்த பிறகு ஆறுதலாகக் கதைக்கலாம் என்றார் தலைவி. முடிந்த பிறகு கதைக்க என்ன இருக்கிறது? கஸ்பர் வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டார். காலையிலிருந்து நெஞ்சுக்குள் கட்டிக்கொண்டு வந்த பேச்செல்லாம் அப்படியே சரிந்து கிடந்தது.

சிற்றாலயத்தில் உட்கார வாங்குகள் இல்லை, எல்லோரும் நிற்கத்தான் வேண்டும். சாம்பிராணிப் புகைக்குள் சுவர் முழுக்கப் பொன்பூசிய புனிதர்கள். அம்மா அப்பா என்று இவர்களை முன்னால் விட்டார்கள். பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரக் கிழவிக்கு இவர்கள் மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். நடக்கப் போவதைக் காதுக்குள் சொன்னாள். குருவானவர் கத்தரிக்கோலைக் கீழே போடுவார். உங்கள் மகள் அதை எடுத்து அவர் கையில் கொடுக்க வேண்டும். அப்படி மூன்று தரம். மூன்றாம் தரம் எடுத்துக் கொடுத்த பிறகுதான் தலைமயிரைக் கத்தரிப்பார், அதுவரை அவள் எழும்பிப் போகலாம், ஒருவரும் குறை நினைக்கமாட்டோம்.

கஸ்பருக்குப் படுத்துக்கிடந்த உயிர் எழும்பி உட்கார்ந்தது. "மூண்டு தரம் கேப்பினமாம்," என்று மனைவியின் காதில் சொன்னார். "அதுக்குள்ள மனம் மாறலாமாம்." அருமைநாயகியின் பார்வை பின்பக்கக் கதவில் இருந்தது.

அங்கிருந்து றொசானா வந்தாள். நடந்து வரவில்லை, தவழ்ந்து வந்தாள். வெள்ளை நீளச் சட்டை, வெறுங்கால். இரண்டு பக்கமும் கன்னியர்கள் தங்கள் கறுப்பு மேலங்கியால் அவளை மூடிக்கொண்டு வந்தார்கள். அங்கி விலகியபோது அவிழ்த்துவிட்ட கூந்தல் முதுகெல்லாம் கிடந்தது. அந்தத் தலைமயிரைப் பள்ளிக்கூடக் காலம் முழுக்கப் பின்னிவிட்டவர் கஸ்பர்தான். அப்போது அவருக்குப் பின்னேர ஷிப்ட். அருமைநாயகி துப்புரவு வேலைக்கு விடிய முன்னமே போய்விடுவாள். பின்னல் ஒருநாளும் நேராய் வந்ததில்லை, பிள்ளையும் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

உன் சொந்த விருப்பத்தோடுதான் வந்தாயா என்று குருவானவர் கேட்டார். ஓமென்றாள். ஒருவரும் வற்புறுத்தவில்லையா? இல்லையென்றாள். உலகத்தை விட்டுவிட்டாயா? விட்டுவிட்டேன் என்றாள். ஆங்கிலத்தில்தான், ஆனால் வீட்டில் தேத்தண்ணி வேணுமா என்று கேட்டால் சொல்கிற அதே குரல். கத்தரிக்கோல் விழுந்தது. எடுத்துக் கொடுத்து, அவர் கையை முத்தமிட்டாள். இரண்டாம் தரமும் விழுந்தது, கொஞ்சம்கூடத் தயங்காமல் எடுத்தாள்.

மூன்றாம் தரம் அது பழைய மரத்தரையில் வழுக்கிக்கொண்டு கஸ்பருடைய காலடிக்கே வந்தது. அவர் யோசிக்கவில்லை. சப்பாத்துக் காலைத் தூக்கி அதன் மேல் வைத்துவிட்டார்.

கன்னியர்கள் பாடிக்கொண்டிருந்த பாட்டு நின்றுபோனது. குருவானவர் காத்திருந்தார். தலைவி தலையைக் குனிந்துகொண்டார். அருமைநாயகி கணவனுடைய கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"என்னப்பா செய்யிறியள்? எல்லாரும் பாக்கினம். காலை எடுங்கோ."

றொசானா முழங்காலில் திரும்பி அவரை நோக்கி வந்தாள். இரண்டு வருடத்தில் மெலிந்துவிட்டாள். கண்ணில் கோபம் இல்லை, இருந்திருந்தால் கஸ்பருக்கு வசதியாய் இருந்திருக்கும்.

"எழும்பு பிள்ளை," என்றார் அவர். "அப்பாவுக்கு ஏலாமல் கிடக்கு. வீட்டை போவம்."

"எனக்கும் ஏலாது அப்பா," என்றாள்.

அவளுடைய தோள்கள் நடுங்குவதை அப்போதுதான் கண்டார். தவழ்ந்து வந்த முழங்காலின் சிவப்பு சட்டைக்கு மேலாகவும் தெரிந்தது. பிள்ளையும் தன்னைப் போலவே களைத்துப்போயிருக்கிறாள் என்பது அவர் நினைத்தே பாராத விசயம். காலை எடுத்தார். முழங்கால் நோவோடு மெல்லக் குனிந்து கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார். இரும்பு குளிர்ந்து கிடந்தது. அவள் கையை நீட்டுவாள், நீட்டினால் கொடுப்பதா இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை.

அவள் கையை நீட்டவில்லை. கத்தரிக்கோலைக் கைக்குக் கை கொடுக்கக்கூடாது, கொடுத்தால் இரண்டு பேருக்கும் பகை வரும், கீழே வைத்துத்தான் மற்றவர் எடுக்க வேண்டும். அவர்கள் வீட்டுப் பழக்கம் அது. உலகத்தையே விட்டுவிட்டேன் என்று சற்றுமுன் எல்லோருக்கும் கேட்கச் சொல்லி, குருவானவருக்குக் கைக்குக் கையே கொடுத்தவள், தகப்பன் அதைக் கீழே வைக்கட்டும் என்று உள்ளங்கையைத் தரையில் கவிழ்த்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கஸ்பர் குனிந்தபடியே நின்றார். விரல்களுக்குள் கத்தரிக்கோல் மெல்லச் சூடேறிக்கொண்டிருந்தது.