வெட்டச் சொன்ன பாடம்

மார்கிரட்டுக்கு வந்த கோபம் லேசுப்பட்ட கோபமல்ல. வெளிநாட்டு அறக்கட்டளையிலிருந்து வந்த கடிதத்தை மேசையில் அடித்து வைத்தாள். எதிரே இருந்த துறைத் தலைவர் கனகசபாபதி தன் தேநீரைக் காப்பாற்றக் கோப்பையைத் தூக்கிக்கொண்டார்.

"சத்தத்தை வெட்டட்டாம், சேர். இருட்டையும் வெட்டட்டாம்."

சங்கதி இதுதான். அந்த அறக்கட்டளை விரிவுரையாளர்களுக்குப் பணம் கொடுத்துத் தங்கள் நாட்டுக்குக் கூப்பிட்டுப் படிப்பிக்க வைக்கும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துத் திருநெல்வேலி வளாகத்தின் மீன்வளத் துறையிலிருந்து அப்படிப் போனவர்கள் எல்லாரும் போனவர்கள்தான். அவர்களை என்னவென்று குறை சொல்வது? தொண்ணூற்று மூன்றில், கறண்டும் இல்லாத, தடை போட்டுக் கடலும் பூட்டிய யாழ்ப்பாணத்துக்கு எந்த மனிதன் ஆசைப்பட்டுத் திரும்பி வருவான்? ஆனால், மிஞ்சியது கனகசபாபதியும் மார்கிரட்டும் மட்டும். அவளும் போனால் துறைக்கு மூடுவிழாதான்.

இந்தமுறை கூப்பிட்டது அவளை. "வர மாட்டேன்" என்று எழுதினாள். வர இயலாதவர்கள் வீடியோ கசெற்றில் பாடம் அனுப்பலாம் என்று பதில் வந்தது. மாதிரிக்கு ஒரு பாடம் பிடித்துப்போனால், துறைக்கு நுணுக்குக்காட்டிகளும் புத்தகங்களும் உண்டு. துறை பிழைத்துக்கொள்ளும்.

குருநகரில் கலியாண வீடுகளுக்குப் படம் பிடிக்கும் பிலிப்பு கமெராவோடு வந்தான். இறாலின் வளர்ச்சியைப் பற்றி இறுதியாண்டு மாணவர்களுக்கு மார்கிரட் படிப்பித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்துக் குண்டு போடும் பொம்மர் வந்து தொலைத்தது. எல்லாரும் வளவில் குழி வெட்டி மூடியிருந்த பங்கருக்குள் பாய்ந்தார்கள். பிலிப்பு பதற்றத்தில் கமெராவை நிற்பாட்டவில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே குந்தினான். மார்கிரட்டும் பாடத்தை நிற்பாட்டவில்லை. வெளியே மண் அதிர்ந்தது. இருட்டுக்குள்ளிருந்து குணலட்சுமி என்ற மாணவி, கடல் உப்புக் கூடினால் இறால் குஞ்சுக்கு என்ன ஆகும் என்று கேட்டாள். அன்றைய நாளின் ஆகச் சிறந்த கேள்வி அது.

கசெற் அப்படியே போனது. இப்போது அந்த இடத்தைத்தான் வெட்டட்டாம்! பாடம் திறமாம், பின்னணிச் சத்தம் அங்குள்ள மாணவர்களின் கவனத்தைக் கலைக்குமாம்.

"மார்கிரட், வெட்டினால் என்ன குறைஞ்சு போகும்?" என்றார் கனகசபாபதி. "உந்த உதவி வராட்டி எங்களை இழுத்து மூடிப்போடுவினம். நீர் கொஞ்சம் விட்டுக்குடும் அம்மா."

"பிள்ளையள் அந்த நேரத்திலையும் படிச்சவை சேர். அதை வெட்டினால் அவை படிக்கேல்லை எண்டுதானே அர்த்தம்? ஏலாது."

அவள் பிடிவாதம் அவருக்குத் தெரியாதா? அவளுக்குச் சொல்லாமல் பிலிப்பைக் கூப்பிட்டு வெட்டச் சொல்லிவிட்டார். இரண்டாம் பாடத்தைப் படம் பிடிக்க வந்த அன்று பிலிப்பு, வெட்டிய கசெற்றைப் பெருமையாகப் போட்டுக் காட்டினான். மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடிய ஜெனறேற்றரின் தயவில் தொலைக்காட்சி தெளிந்தது. கரும்பலகை வந்தது, மார்கிரட் வந்தாள், இறால் வந்தது. பங்கர் வரவேண்டிய இடத்தில், ஐயோ, ஒரு பெரிய ரோசாப்பூ மெல்ல மெல்ல விரிந்தது. கூடவே நாதசுரம் வேறு!

மாணவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மார்கிரட்டும் முதலில் சிரித்தாள்.

"கலியாண வீட்டிலை இடையிலை ஏதும் சண்டை சச்சரவு வந்தால், நாங்கள் பூப் போட்டுத்தான் மறைக்கிறனாங்கள், மிஸ்," என்றான் பிலிப்பு வெள்ளந்தியாக.

அவளுடைய சிரிப்பு நின்றது. குணலட்சுமி சிரிக்கவில்லை; தன் குரல் இருந்த இடத்தில் விரிந்த பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைக் கண்டதும் மார்கிரட் பிலிப்பிடம் திரும்பினாள்.

"முதல் எடுத்த கசெற் இருக்கோ, பிலிப்பு?"

"ஓம் மிஸ், கிடக்கு."

"அதுதான் போகும். உந்தப் பூவை நீர் ஆருக்கும் கலியாணப் பரிசாக் குடும். இப்ப கமெராவைப் போடும்."

கடைசி வாங்கில் மாணவர்களோடு உட்கார்ந்திருந்த கனகசபாபதி தலையைக் குனிந்துகொண்டார். மார்கிரட் கமெராவை நேருக்கு நேர் பார்த்து, ஆங்கிலத்தில், நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்:

"உங்கள் கடிதம் கிடைத்தது. சத்தத்தை வெட்டச் சொல்லியிருக்கிறீர்கள். அந்தச் சத்தம் என்னுடையதல்ல. விமானம் அனுப்புகிறவர்களுக்கு எழுதுங்கள். அவர்கள் நிறுத்தினால் என் பாடத்திலும் சத்தம் இராது. அதுவரைக்கும் என் மாணவர்கள் கேட்கிற மாதிரித்தான் நீங்களும் கேட்க வேண்டும். விருப்பமில்லையென்றால் உங்கள் உதவி எங்களுக்கு வேண்டாம்."

பிலிப்புக்கு ஆங்கிலம் அவ்வளவாக ஓடாது. ஆனால் துறைத் தலைவரின் முகம் வெளுத்ததைக் கண்டு, விபரீதம் என்று நினைத்துக் கமெராவைச் சட்டென்று நிற்பாட்டினான்.

கனகசபாபதி எழும்பினார். நுணுக்குக்காட்டிகள், புத்தகங்கள், துறை எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் அவர் கண்ணுக்குள் வந்து போயிருக்க வேண்டும். குணலட்சுமியை ஒருதரம் பார்த்தார்.

"ஆர் உம்மை நிப்பாட்டச் சொன்னது?" என்று பிலிப்பைப் பார்த்து அதட்டினார். "எடும் ஐசே! மார்கிரட், நீர் முதலிலையிருந்து சொல்லும். கடைசி வாங்குக்கு வடிவாய்க் கேக்கேல்லை."

மார்கிரட் முதலிலிருந்து, முன்னதைவிட உரத்துச் சொன்னாள்.