குடியிருப்பவரின் சம்மதம்

வீடு அக்காவின் பெயரில்தான் இருந்தது. வில்லங்கம் பார்த்தாயிற்று, வரி கட்டியாயிற்று, வாங்குகிறவர்கள் முன்பணமும் கொடுத்துவிட்டார்கள். வெண்ணெய் திரண்டு வந்த நேரத்தில் அவர்களுடைய வக்கீல் ஒற்றைத் தாள் ஒன்றை அனுப்பினார். விற்பவரைத் தவிர வயது வந்த வேறு யாராவது அந்த வீட்டில் குடியிருந்தால், தனக்கு அதில் உரிமை ஏதும் இல்லை, குறித்த தேதியில் வெளியேறிவிடுகிறேன் என்று அவர் கையெழுத்துப் போட வேண்டும்.

வேறு யார்? தம்பிதான். ஐம்பத்து மூன்று வயது. பிறந்ததிலிருந்து அதே வீடு, அதே மாடியறை.

சின்ன வயதில் எந்நேரமும் ஏதோ ஆலோசனையில் இருப்பவன் போல வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பான் என்று அப்பா அவனுக்கு மந்திரி என்று பெயர் வைத்தார். இருபதாவது வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. உயிர் பிழைத்தான், ஆனால் இருந்த கொஞ்சப் பேச்சும் ஒன்றிரண்டு வார்த்தையாகச் சுருங்கிவிட்டது. அவனுக்கு எதுவும் புரியாது என்று தெருவில் எல்லோரும் நினைத்தார்கள். மெதுவாகத்தான் புரியும். புரிந்தது பிறகு போகவே போகாது. இது அக்காவுக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

அதனால்தான் நான்கு மாதமாக அவனிடம் சொல்லவில்லை.

அவளுக்கு அறுபத்து நான்கு. இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. சாப்பிட அவன் கீழே இறங்கி வருவதில்லை; கொண்டுபோய்க் கொடுக்க அவள் படிக்குப் படி உட்கார்ந்து ஏறுகிறாள். மகள் வரச் சொன்னாள். "நீ மட்டும் வாம்மா. மாமாவையும் சேத்து வெச்சுக்க இங்க எடம் எங்க இருக்கு? நானே சோபாவுலதான் படுக்குறேன்." மகள் சொன்னதில் தப்பில்லை. அவனைப் போன்றவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஓர் இல்லத்தை அக்கா தேடிப் பிடித்தாள். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே நாட்கள் போயின.

முப்பது வருடம் தபால் ஆபீசில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் "இங்க ஒரு கையெழுத்து, கீழ ஒண்ணு" என்று விரல் வைத்துக் காட்டியவள் அவள். யாரும் படித்துப் பார்த்துப் போட்டதில்லை. இதுவும் அப்படியே நடந்துவிடும் என்று நினைத்தாள். ஆனால் இதற்கு விதிமுறை வேறு மாதிரி இருந்தது. இரண்டு தரப்புக்கும் சம்பந்தமில்லாத ஒரு வக்கீல் அவனைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டு, புரிந்துதான் போடுகிறான் என்று சான்று எழுத வேண்டும்.

ஒரு வாரம் தினமும் காலையில் அவனுக்குப் பாடம் நடந்தது.

"பைப்பெல்லாம் மாத்தணும்டா. அதுக்கு ஒரு கையெழுத்து. அந்தம்மா எது கேட்டாலும் நீ என்ன சொல்லணும்?"

"ஆமா, புரிஞ்சுது."

"வாய்க்குள்ளயே முணுமுணுக்காத. மந்திரி மாதிரி சொல்லு."

"ஆமா, புரிஞ்சுது."

வக்கீலின் அறை இரண்டாவது மாடியில் இருந்தது. லிப்ட் இல்லை. அவன் கைப்பிடிச் சுவர் பக்கத்தை அவளுக்கு விட்டுவிட்டு, ஒவ்வொரு படியிலும் நின்று காத்திருந்தான். வக்கீல் அம்மாவுக்கு அக்காவின் மகள் வயதுதான் இருக்கும். அவனை உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். அது சரியாகப் பொருந்தாத கதவு. மங்கலான கண்ணாடிக்கு அப்பால் அவன் தலை மட்டும் ஒரு கறுப்பு உருண்டையாகத் தெரிந்தது. அது அவ்வப்போது ஆடியது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அக்காவுக்கு மூச்சு வந்தது.

கால் மணி நேரத்தில் கதவு திறந்தது.

"உள்ள வாங்கம்மா."

"முடிஞ்சுதா?"

"ஆரம்பிக்கவே இல்ல. வீட்ட விட்டுப் போகணும், தெரியுமான்னு கேட்டேன். ஆமா, புரிஞ்சுதுன்னார். இப்படிச் சொல்லச் சொல்லி யாராவது சொல்லிக்குடுத்தாங்களான்னு கேட்டேன். அதுக்கும் ஆமா, புரிஞ்சுது. கடைசியா, உங்களுக்கு எத்தன பசங்கன்னு கேட்டேன்." அவர் பேனாவை மூடினார். "அதுவும் புரிஞ்சுதாம்."

அக்கா சிரிக்கப் பார்த்தாள். "அவன் சுபாவமே அப்படித்தாங்க."

"இதுல நான் சான்று எழுதினா என் தொழில் போயிடும். ஒண்ணு பண்ணுங்க. இந்தத் தாள்ல என்ன இருக்குன்னு என் முன்னாடி நீங்களே அவருக்குச் சொல்லுங்க. அப்புறம் நான் மறுபடி தனியாக் கேக்கறேன்."

அக்கா உட்கார்ந்தாள். முழுப் பூசணிக்காயை மறைத்த சோற்றை இனித் தன் கையாலேயே கிளற வேண்டும். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வக்கீல் அம்மா அவசரப்படுத்தவில்லை.

"மந்திரி. வீட்ட வித்தாச்சுடா."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான்.

"எனக்கு மாடி ஏற முடியல. நான் பொண்ணு வீட்டுக்குப் போறேன்."

"நான்?"

"அங்க எடம் இல்லடா. உனக்கு ஒரு இல்லம் பாத்திருக்கேன். அடுத்த மாசம்."

அவன் தாளைத் தன் பக்கம் இழுத்து, ஆள்காட்டி விரலை முதல் வரியில் வைத்தான். விரல் நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. தாளின் அடி வரைக்கும் போனது. நிமிர்ந்தபோது அவளைப் பார்க்கவில்லை.

"பைப்புக்கு இல்ல," என்றான்.

"இல்லடா."

வக்கீல் அம்மா அவளை வெளியே அனுப்பினார். இந்தத் தடவை அவள் கதவை ஒட்டியே நின்றாள்; இடுக்கு வழியாக எல்லாம் கேட்டது.

"சார், நீங்க மாட்டேன்னு சொல்லலாம். சொன்னா விற்பனை நிக்கும். உங்கள யாரும் வெளிய அனுப்ப முடியாது. நல்லா யோசிங்க."

கண்ணாடியில் அந்த உருண்டை ஆடவில்லை. மாட்டேன்னு சொல்லித் தொலைடா என்று அக்காவின் மனம் ஒரு கணம் கெஞ்சியது. அடுத்த கணமே அந்தப் படிகள் நினைவுக்கு வந்தன, இன்னும் பத்து வருடத்துக்கு ஒரு நாளைக்கு மூன்று தடவை. சொல்லிவிடுவானோ என்று பயந்தாள். இரண்டு நினைப்புமே தன்னுடையவைதான் என்பது அவளுக்குத் தெரிந்தது.

"அக்காவுக்கு முட்டி வலி," என்று உள்ளே அவன் குரல் கேட்டது.

"அவங்கள விடுங்க. நீங்க என்ன நெனைக்கறீங்க?"

நாற்காலி நகர்ந்தது. பேனா திறக்கும் சத்தம் வந்தது.

சற்று நேரத்தில் வக்கீல் அம்மா கதவைத் திறந்தார். அவர் கண்கள் அக்காவின் மேல் நிற்கவில்லை. "கையெழுத்துப் போட்டுட்டார். புரிஞ்சுதான் போட்டார், நான் எழுதித் தர்றேன். இன்னும் ஒரு கட்டம் பாக்கி. காலி பண்ணின பிறகு இருக்கப்போற முகவரி. அது அவருக்குத் தெரியலயாம்."

அவன் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தான். அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பையில் முகவரி எழுதிய சீட்டு இருந்தது, எடுக்கவில்லை. கதவு எண், தெரு, எத்தனையாவது மாடி, அறை எண் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தடங்கலில்லாமல் வந்தது. அறை எண்ணைச் சொன்ன பிறகுதான், எல்லாம் மனப்பாடமாக வந்தது அவளுக்கே உறைத்தது.

அவன் எழுதுவதை நிறுத்தினான்.

"எத்தன தடவ போன?"

"மூணு."

"நான் தூங்கிட்டிருந்தப்பவா?"

"ம்."

வக்கீல் அம்மா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். மேசையின் மேல் அவன் கை அசையாமல் கிடந்தது. அதைத் தொடலாமா என்று அக்கா நினைத்தாள். தொடவில்லை.

"தெருப் பேரு," என்றான் அவன். "வேகமாச் சொல்லிட்ட. மறுபடி சொல்லு."

அவள் சொன்னாள். அவன் ஒவ்வோர் எழுத்தாக எழுதினான்.